பலகையில் இல்லாத நிறம்

நெடுங்கழியைச் சுற்றி ஐந்து ஊர். ஐந்து ஊருக்கும் ஐந்து நியாயம். அரசாங்கச் சுகாதார நிலையம் ஒரு கரையில் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி அதே கரையில் கொஞ்சம் தள்ளி. மடத்தார் ஒரு வைத்தியசாலை வைத்திருந்தார்கள், ஜமாத்தார் ஒரு வேன், மீனவர் சங்கத்தார் ஒரு விசைப்படகு. ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

போன ஐப்பசியில் உப்புமேட்டில் ஆறு வயதுப் பையனைச் சுருட்டை விரியன் தீண்டியது. உப்புமேடு கழிக்கு நடுவே இருக்கிற தீவு. அவன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மூன்று இடம் ஏறி இறங்கினாள். நான்காவது இடத்தில் மருந்து இருந்தது. பையன் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஐந்து பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். உட்கார வைத்தவர் ஹமீதா. உப்பளத்துப் பெண்களுக்கு எழுத்தும் கைப்பேசியும் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் ஐந்து ஊருக்கும் அவர் டீச்சர். வயது இருபத்தெட்டு. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

பாயில் உட்கார்ந்தவர்கள் முடிவு செய்ததைப் பலகையாகச் செய்து கொடுத்தவள் பெனிட்டா; கூலி கொடுத்தது மாவட்ட அலுவலகம். மரப்பலகை இல்லை. கைப்பேசியைத் திறந்தால் ஐந்து கட்டங்கள் வரும், ஆளுக்கு ஒன்று. மருந்து இருந்தால், படகு நின்றால், வேன் ஓடினால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. அவரவர் கட்டத்தை அவரவரே அமுக்க வேண்டும்.

இதற்கு முன் பட்டணத்தில் மூன்று அமைப்புகளுக்கு மூன்று பலகைகள் செய்திருந்தாள் பெனிட்டா. மூன்றும் திறப்பு விழாவோடு சரி. நான்காவதைத் தொடங்கும்போது ஹமீதாவிடம் வந்து நின்றாள்.

"எனக்குப் பலகை செய்ய வரும் டீச்சர். ஆளுங்களைச் சேர்க்க வராது. உங்ககிட்ட இருந்து கத்துக்கணும்."

"இருங்க," என்றார் ஹமீதா.

ஐந்து மாதமாக இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் பின்னால் நடந்தாள். டீச்சரைவிட நான்கு வயது மூத்தவள். முதல் மாதம் கூச்சமாக இருந்தது. பிறகு அது போய்விட்டது.

திறப்பு விழா சனிக்கிழமை. புதன்கிழமை காலையில் பெனிட்டா உப்புமேட்டுக்கு வந்தாள். டீச்சர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நாப்பது நாளா சோதனை ஓட்டம். பட்டணத்துல ஒருத்தரையும் பதிவு போட வைக்க முடியாது. கால்ல விழணும். இங்க காலையில ஆறு மணிக்கே அஞ்சு பேரும் போட்டுடுறாங்க. ஒரு நாள் தவறலை. சண்டை இல்லை, புகார் இல்லை. நான் சந்தோஷப்படணும். ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. ஏன்?"

ஹமீதா ஒரு சட்டையின் கையை உள்ளே மடக்கினார்.

"சனிக்கிழமைக்கு அப்புறம் என்ன ஆகும்?"

"பாம்பு கடிச்சா ஜனங்க பலகையைப் பார்த்துட்டு நேரா ஓடுவாங்க. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்க. அதுக்குத்தானே செஞ்சோம்."

"பிள்ளையைக் கொடுங்க."

பத்து மாதக் குழந்தை ஜோவினா சிரித்துக்கொண்டே டீச்சரிடம் தாவியது. அவர் அதை மடியில் போட்டு, கைப்பையிலிருந்து நீல மைப் பேனாவை எடுத்தார். குழந்தையின் இடது குதிகாலில் அருகருகே இரண்டு புள்ளி வைத்தார்.

"மணி எட்டு அஞ்சு. சுருட்டை. பலகையைப் பார்த்து ஓடுங்க."

பெனிட்டா பாய்ந்து வந்தாள். குழந்தையைப் பறிக்காத குறையாக வாங்கி, அதன் நெற்றியில் சிலுவை போட்டாள். எச்சிலைத் தொட்டு மையைத் துடைத்தாள். மை போகவில்லை.

"விளையாட்டுக்குக்கூட இப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பிள்ளை வாயில்லாதது."

"சரி. யாரு பிள்ளைன்னு சொல்லட்டும்?"

பெனிட்டா மறுபடியும் மையைத் தேய்த்தாள்.

"எட்டு ஆறு ஆச்சு," என்றார் ஹமீதா. துணிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

பெனிட்டா பலகையைத் திறந்தாள். நான்கு பச்சை, ஒரு சிவப்பு. சங்கப் படகு துறையில் நிற்கிறது. ஜமாத் வேன் அக்கரையில் தயார். மடத்து வைத்தியசாலையில் வைத்தியர் இருக்கிறார். ஆனால் அங்கே விஷமுறிவு மருந்து வைப்பதில்லை, கட்டுப்போடுவதோடு சரி. கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, சிவப்பு. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறது, பச்சை.

"படகு, வேன், சுகாதார நிலையம். ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"போங்க. பின்னால வர்றேன்."

உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்தாள். சோதனைதான் என்று அவளுக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. அவை ஓடின. குழந்தை ஏதோ குஷி என்று நினைத்து அவள் தோளைத் தட்டிக்கொண்டே வந்தது. துறைக்கு வந்தபோது மணி எட்டு இருபது.

துறையில் தண்ணீர் இருந்தது. படகு இல்லை.

டீக்கடைப் பேச்சியம்மாள் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"படகு எங்கேக்கா?"

"ஐஸ் ஏத்தப் போயிருக்குத்தா. ஒம்பதுக்கு முன்ன வந்துரும்."

"பலகையில நிக்குதுன்னு காட்டுதே."

பேச்சியம்மாள் திரும்பி, பொறை பிஸ்கட் பாட்டிலைத் திறந்தாள். உள்ளே பிஸ்கட்டுக்கு மேலே சங்கத்தின் கைப்பேசி படுத்திருந்தது.

"இங்கதான இருக்கு. அந்தோணிராயன் தண்ணியில விழுந்துரும்னு இதை எடுத்துட்டுப் போறதில்லை. காலையில நான்தான் அமுக்குவேன். பச்சையத்தான அமுக்கச் சொன்னான்."

"படகு போனப்புறம் சிவப்பு அமுக்கணும்க்கா."

"படகு போறதும் வர்றதுமா இருக்கும். நான் டீ ஆத்துவனா, அதை அமுக்கிட்டு இருப்பனா? நீ உக்காரு. பிள்ளைக்குப் பால் தரட்டா?"

பெனிட்டா உட்காரவில்லை. துறையின் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நடந்தாள். சுருட்டை கடித்தால் முதலில் வீங்கும் என்று எங்கேயோ படித்திருந்தாள். பிறகு ஈறில் இரத்தம் வரும். குழந்தைக்கு இரண்டே பல்தான். அவள் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். பார்த்த பிறகு தன்மேலேயே கோபம் வந்தது.

ஹமீதா டீ வாங்கிக் குடித்தார்.

எட்டு ஐம்பதுக்குப் படகு வந்தது. படகோட்டி அந்தோணிராயன் அவர்களை ஏற்றிக்கொண்டு, கேட்காமலேயே சொன்னான்.

"போன் நனைஞ்சா சங்கத்துல என்னை உப்புக்கண்டம் போட்டுருவாங்க டீச்சர். அதான் பாட்டில்ல."

"நல்ல இடம்தான்," என்றார் ஹமீதா. "எறும்பு வராம பார்த்துக்கோங்க."

ஒன்பது இருபதுக்கு அக்கரை. ஜமாத் வேன் உண்மையாகவே நின்றது. ஓட்டுநர் பீர்முகம்மது கதவைத் திறந்து பிடித்தார். வேன் கிளம்பிப் பத்தாவது நிமிடத்தில் கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியின் நீலக் கதவைத் தாண்டியது. பீர்முகம்மது வேகத்தைக் குறைத்தார்.

"இங்க நிறுத்தட்டுமா?"

"வேண்டாம்ணே. அங்க சிவப்பு," என்றாள் பெனிட்டா.

அவர் கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். வேன் போயிற்று.

சுகாதார நிலையத்தில் மருத்துவர் முகாமுக்குப் போயிருந்தார். மருந்தாளுநர் பரமகுரு தனியாக இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தவர், குழந்தையின் குதிகாலைப் பார்த்தார். இரண்டு புள்ளிகளைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் விழுந்தது.

"எப்போ? எப்போ கடிச்சது? எதும்மா, சுருட்டையா?" குழந்தையை வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். குளிர்பெட்டியைப் பார்த்து இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார். திறக்காமலேயே நின்றார்.

"என்கிட்ட இல்லையேம்மா," என்றார்.

பெனிட்டாவுக்குத் தாங்கவில்லை. "சார், மைதான். பேனா மை. சோதனை சார். பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை."

பரமகுரு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பேத்தி இருக்குது. பிள்ளையை வெச்சு இப்படி விளையாடலாமா டீச்சர்?"

"தப்புதான்," என்றார் ஹமீதா. நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"சார், பலகையில பச்சை போட்டிருக்கீங்களே," என்றாள் பெனிட்டா.

"போட்டிருக்கேன். நாப்பது நாளா போடுறேன். பல்லு விளக்கினதும் முதல் வேலை அதுதான். மருந்து வரல. எழுதிக் கேட்டாச்சு, வரல. மாவட்ட ஆபீஸ் மாசக் கூட்டத்துல உங்க பலகையை வெச்சு எந்தக் கட்டம் எத்தனை நாள் சிவப்புன்னு வாசிக்கிறாங்கம்மா. எழுந்து நிக்கணும். ஏன் சிவப்புன்னு விளக்கம் சொல்லணும். மருந்து அனுப்பாதவங்கதான் கேக்குறாங்க. நான் யார்கிட்ட என்னன்னு சொல்ல?"

"அப்போ நிஜமாவே யாராவது வந்தா?"

"கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அங்க இருக்கும்."

"அங்க சிவப்பு சார்."

"சிவப்புதான் போடுவாங்க. ஆனா இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பரமகுரு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எல்லாருக்கும் தெரியும்மா."

வாசலில் நின்ற பீர்முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். "அதான் நிறுத்தட்டுமான்னு கேட்டேன்," என்றார்.

திரும்பி வந்து நீலக் கதவுக்குள் நுழைந்தபோது மணி பத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

சிஸ்டர் பிலோமினா மருந்தறையில் இருந்தார். பெனிட்டா அவருடைய கான்வென்ட்டில் படித்தவள். இப்போதும் அவரைக் கண்டால் முதுகு தானாக நிமிரும்.

"குட் மார்னிங் சிஸ்டர். விஷமுறிவு மருந்து இருக்கா?"

"பலகையில என்ன போட்டிருக்கு?"

"இல்லைன்னு."

"அப்புறம் என்ன கேள்வி?"

அவர் கண் குதிகாலுக்குப் போயிற்று. முகம் மாறியது. அடுத்த கணம் குளிர்பெட்டி திறந்திருந்தது. மேல்தட்டில் பன்னிரண்டு குப்பிகள் வரிசையாக இருந்தன.

"மை சிஸ்டர்," என்றார் ஹமீதா மெதுவாக. "வெறும் மை."

சிஸ்டர் குளிர்பெட்டியை மூடினார். உடனே திரும்பவில்லை.

"பன்னிரண்டு இருக்கு," என்றார் கதவைப் பார்த்தபடியே. "ஒரு ஆளுக்கே பத்து போயிடும். பச்சை போட்டா அஞ்சு ஊரும் இங்கதான் வரும். ரெண்டாவது ஆளை வாசல்ல வெச்சே திருப்பி அனுப்பணும். போன வருஷம் ஒருத்தரை அனுப்பினேன். மறுபடியும் என்னால முடியாது. சிவப்புன்னா கூட்டம் வராது. அன்னையில இருந்து வந்து நிக்கிறவங்களுக்கு நான் இல்லைன்னு சொன்னதே இல்லை. நீயே சொல்லு, உன் பலகையில நான் எந்தக் கட்டத்தை அமுக்கணும்?"



மத்தியானப் படகில் உப்புமேட்டுக்குத் திரும்பினார்கள். குழந்தை தூங்கிவிட்டது. அந்தோணிராயன் பின்னால் சுக்கான் பிடித்திருந்தான். இயந்திரச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது.

"மூணு பேரும் உண்மை போடலையே டீச்சர்," என்றாள் பெனிட்டா. "நாப்பது நாள். என் முகத்தைப் பார்த்து சிரிச்சாங்க. நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் நீங்க சொல்லிடணும். படகு, பரமகுரு சார், சிஸ்டர். மூணையும்."

"போனைக் காட்டுங்க."

கொடுத்தாள். கழியின் நட்டநடுவில் இருந்தார்கள். பலகையில் அதே நான்கு பச்சை, ஒரு சிவப்பு.

"சங்கப் படகு துறையில நிக்குது," என்று வாசித்தார் ஹமீதா. "நாம எதுல உக்காந்திருக்கோம்?"

பெனிட்டா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது எப்போ உள்ள பச்சை?"

"இங்க டவர் கிடையாது டீச்சர். கடைசியா வந்ததைக் காட்டும்."

"கடைசின்னா?"

"காலையில. சில நேரம் முந்தின நாள்."

"அது பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா?"

தண்ணீர் படகின் பக்கத்தில் மோதி மோதி விலகியது. பெனிட்டா குழந்தையின் தலையைத் தன் முந்தானையால் மூடினாள். வெயில் அந்தப் பக்கம் இல்லை.

"முதல்ல தெரியுற மாதிரிதான் செஞ்சிருந்தேன். சேதி வராத கட்டம் சாம்பல் நிறமா மாறிடும். கடைசியா எப்போ சேதி வந்ததுன்னு நேரமும் இருக்கும். மாவட்ட ஆபீஸ்ல காட்டினேன். பாதி நேரம் சாம்பலாவே கிடக்கே, பலகை செத்துப்போன மாதிரி இருக்கே, கலெக்டர் முன்னால இப்படிக் காட்ட முடியுமான்னு கேட்டாங்க. எடுத்துட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை. மூணு பலகை போயிடுச்சு டீச்சர். இதுவும் போனா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. கைக்குழந்தைக்காரின்னு இப்பவே யோசிக்கிறாங்க."

"உப்புமேட்டுல டவர் எங்கெல்லாம் உண்டு?"

"கிழக்கால உண்டு. மேற்கே இல்லை."

அந்த ஆறு வயதுப் பையனின் வீடு மேற்கே இருந்தது. ஹமீதா அதைச் சொல்லவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணு பேரைச் சொல்லச் சொல்றீங்க. சொல்லலாம். நாலாவது ஆளை யார் சொல்றது?"



வியாழக்கிழமைக் கூட்டம் மீனவர் சங்கத்தின் வலைக்கூடத்தில். ஐந்து பேரும் வந்தார்கள். மடத்து வைத்தியர் தன் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்திருந்தார். ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்.

"நாப்பது நாளும் பலகை சரியா ஓடுச்சுன்னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன். யாருக்காவது குறை ஏதும் உண்டா?"

"குறை என்ன குறை," என்றார் மடத்து வைத்தியர். "பட்டனை அமுக்குறோம், பச்சை எரியுது. எங்க மடத்துல பல்புகூட இப்படி எரியாது."

சிரித்தார்கள். அந்தோணிராயன் கையெழுத்துப் போட்டான். சிஸ்டர் பிலோமினா போட்டார். பரமகுரு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தாளை நெடுநேரம் படித்தார். ஒரே வரிதான். அவரும் போட்டார்.

தாள் பெனிட்டாவிடம் வந்தது.

அவள் டீச்சரைப் பார்த்தாள். ஹமீதா பாயின் ஓரத்தில் பிரிந்து நின்ற ஒரு கோரையை உள்ளே செருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் குழந்தை மிட்டாய்த் தாளைக் கசக்கிக்கொண்டிருந்தது; அந்தச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை முதன்முறையாக அவளுடைய பலகை ஒன்று உயிரோடு திறக்கும். ஞாயிற்றுக்கிழமை யாராவது அதைப் பார்த்து ஓடுவார்கள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், பலகை சரியா ஓடலை."

அதிகாரி புன்னகை மாறாமல் பார்த்தார். "என்னம்மா?"

"டவர் இல்லாத இடத்துல அது பழைய நிறத்தையே காட்டும். நேத்து இருந்ததை இப்போ இருக்குன்னு காட்டும். உப்புமேட்டு மேற்குப் பக்கம் முழுக்க அப்படித்தான். எனக்கு முதல் நாள்ல இருந்தே தெரியும். நான்தான் மறைச்சேன். யாரும் என்னை மறைக்கச் சொல்லலை. அழகா இல்லைன்னுதான் சொன்னாங்க. மறைச்சது நான்."



"நாளன்னிக்குத் திறப்பு," என்றார் அதிகாரி. புன்னகை இப்போது இல்லை. "இப்போ சொல்றீங்க. இதுக்கப்புறம் உங்க நிலைமை என்னன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

"யோசிச்சுமா?"

அவள் தலையசைத்தாள்.

அதிகாரி ஹமீதாவைப் பார்த்தார். "டீச்சர், நீங்க ஏதாவது சொல்லுங்க."

"அவங்க சொல்லிட்டாங்களே," என்றார் ஹமீதா.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பரமகுரு. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்தில் எழுந்து நின்றே பழக்கப்பட்டவர்.

"எங்ககிட்ட மருந்து இல்லை சார்," என்றார். "நாப்பது நாளா இல்லை. பச்சை போட்டது பொய். அந்தக் கையெழுத்தை அடிச்சுடுறேன், தாளைக் கொடுங்க."

அடித்தார். ஒரு கோடு போதவில்லை போல. இன்னொரு கோடும் போட்டார். உட்கார்ந்தார்.

பெனிட்டா சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் பிலோமினாவின் உதடு அசைந்தது. ஜெபமா, பேச வந்ததா தெரியவில்லை. சத்தம் வரவில்லை. அந்தோணிராயன் கூரையில் தொங்கிய வலையை எண்ணுகிறவன் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மடத்து வைத்தியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு நோயாளிகள் காத்திருப்பாங்க," என்று எழுந்துபோனார்.

அதிகாரி வெளியே போய்க் கைப்பேசியில் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"திறப்பு தள்ளிப் போச்சு. யாரால தள்ளிப் போச்சுன்னு எழுதி அனுப்பச் சொல்றாங்க."

"என் பேரை எழுதுங்க," என்றாள் பெனிட்டா.

எழுதினார். பரமகுருவின் பெயரையும் எழுதினார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மிட்டாய்ப் பொட்டலத்தை மறந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு வலைக்கூடத்து வாசலில் டீச்சரும் அவளும் நின்றார்கள். குழந்தை தோளில் முகத்தைப் புதைத்துத் தூங்கியது. அதன் மூச்சு கழுத்தில் சுடச்சுடப் பட்டது.

"வேலை போகுமா டீச்சர்?"

"போகலாம்."

"சாம்பல் கட்டத்தைத் திரும்பவும் வைக்கணும். எத்தனை குப்பி, எத்தனை ஆளுக்குன்னு சொல்ல ஓர் இடம் வைக்கணும். மாசக் கூட்டத்துல சிவப்பை வாசிக்கக் கூடாதுன்னு பேசணும். என்னை வெச்சிருந்தாங்கன்னா செய்யலாம். இல்லைன்னா வேற யாராவது செய்யணும்."

"உம்."

"ஆனா டீச்சர், அஞ்சு பேர்ல ஒருத்தர்தான் வாயைத் திறந்தார். சிஸ்டர் சொல்லலை. அந்தோணிராயன் சொல்லலை. வைத்தியர் எழுந்தே போயிட்டார். சொன்ன ஒருத்தர்கிட்டயும் மருந்தே கிடையாது." குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "நாளைக்கே இவளுக்கு ஏதாவதுன்னா நான் யாரை நம்பி ஓடுறது?"

"பரமகுருவை."

"அவர்கிட்டதான் இல்லையே."

"இல்லைன்னு சொன்னார் இல்லையா," என்றார் ஹமீதா. "அவர் இருக்குன்னு சொல்ற அன்னைக்கு ஓடுங்க."